பெஞ்ச் காலியாகும் சண்டைகள்: எதைப் பார்க்கலாம், எதைக் கவனிக்கணும்?

ஒன்பதாவது இன்னிங்ஸ்:

கிரிக்கெட்ல பவுன்சர் ஹெல்மெட்ல பட்டா, பவுலரே முதல் ஆளா வந்து நலம் விசாரிப்பார். பேஸ்பால்ல பந்து பட்ட பேட்டர் நேரா பிட்ச்சரை (பந்து எறியறவர்) நோக்கி ஓடுறார், ரெண்டு டகவுட்டும் (டீம் உட்காரற இடம்) காலியாகுது, அவுட்ஃபீல்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கற புல்பென் (மாற்றுப் பிட்ச்சர்கள் தயாராகற இடம்) ஆட்கள்கூட மூச்சிரைக்க ஓடி வர்றாங்க. வந்து சேர்ந்ததும் பாதிப் பேர் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறாங்க.

எல்லாரும் ஏன் வரணும்? யாரை யார் தடுக்கறதுன்னு ஏதாவது முறை இருக்கா? தண்டனைக் கணக்கு என்ன? யூடியூப் தொகுப்புகள்ல குத்து மட்டும்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி நடந்தது இல்லை. காரணத்தோட சேர்த்துப் பார்க்கத் தகுந்த சண்டைகள் எவை?

கேட்ச்சர் மாஸ்க்:

முதல்ல தலைக்கணக்கைப் பாருங்க. பேட்டிங் டீமுக்குக் களத்துல இருக்கறது ஒரு பேட்டர், பேஸ்கள்ல அதிகபட்சம் மூணு பேர், கோட்டோரம் ரெண்டு கோச். எதிர்ல ஒன்பது பேர். டகவுட்ல இருந்து ஆள் வரலைன்னா மவுண்டுக்கு (பிட்ச்சர் நிக்கற மேடு) போன பேட்டர் தனியா மாட்டிக்குவார். அதனால பேட்டிங் டீம் எழுந்து வரும், அவங்க வந்தா இவங்களும் வரணும். உட்கார்ந்தே இருந்தவர் மறுநாள் தன் டீம்காரங்க முகத்துல முழிக்க முடியாது. என்.பி.ஏ.ல சண்டை நேரத்துல பெஞ்சை விட்டு வந்தாலே சஸ்பென்ஷன். எம்.எல்.பி.ல (மேஜர் லீக் பேஸ்பால்) வெறுமனே ஓடி வந்ததுக்குன்னு அப்படி ஒரு தானியங்கித் தண்டனை இல்லை. சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவங்க சும்மா நிக்கலை. ஆளுக்கு ஒருத்தரைப் பிடிச்சு வெச்சா அடிக்கறதுக்கு ஆள் மிச்சம் இருக்காது, அதுதான் அவங்க வேலை.

தடுக்கற முதல் பொறுப்பு, பேட்டருக்குப் பின்னால உட்கார்ந்து பந்தைப் பிடிக்கற கேட்ச்சருக்கு. மவுண்டுக்கும் ஹோம் பிளேட்டுக்கும் (பேட்டர் நிக்கற இடம்) 60 அடி 6 அங்குலம்தான், சில நொடிகள்ல கடந்துடலாம். பந்து பட்ட உடனே கேட்ச்சர் எழுந்து பேட்டருக்கும் மவுண்டுக்கும் நடுவுல போய் நிக்கணும். பந்தை எடுக்கப் போனாரோ, அம்பயரைத் திரும்பிப் பார்த்தாரோ, அவ்வளவுதான். பின்னால துரத்திப் பிடிக்கறது நடக்காத காரியம்.

தாமதமானா என்ன ஆகும்னு 2013 ஏப்ரல் 11 சான் டியாகோ ஆட்டத்துல பார்க்கலாம். டாட்ஜர்ஸ் 2-1 முன்னிலை, ஆறாவது இன்னிங்ஸ், 3-2 கவுண்ட் (இன்னும் ஒரு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்). டாட்ஜர்ஸ் பிட்ச்சர் சாக் கிரெய்ன்கீ போட்ட பந்து பாட்ரெஸ் பேட்டர் கார்லோஸ் குவென்டின் மேல பட்டது. பந்து பட்டா பேட்டருக்கு முதல் பேஸ் சும்மா கிடைக்கும், அதனால ஒரு ரன் முன்னிலையில 3-2ல யாரும் வேணும்னு அடிக்க மாட்டாங்க. ஆனா இதே பிட்ச்சர் பந்து அவர் மேல பட்டது அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை. குவென்டின் ஓடினார். கிரெய்ன்கீ விலகாம, எறியற கையைக் காப்பாத்த இடது தோளைக் கொடுத்தார். இடது காறை எலும்பு முறிஞ்சது. குவென்டினுக்கு 8 ஆட்டம் சஸ்பென்ஷன். கிரெய்ன்கீ அப்போ 6 வருஷத்துக்கு 147 மில்லியன் டாலர் ஒப்பந்தத்துல இருந்தவர்.

ஓடறவர் செய்யற பெரிய தப்பு, பாதி வழியில யோசிக்கறது. 1993 ஆகஸ்ட் 4, ஆர்லிங்டன். பந்து பட்ட 26 வயசு பேட்டர் ராபின் வென்ச்சுரா, 46 வயசு பிட்ச்சர் நோலன் ரயனை நோக்கிப் போனார். கிட்டப் போனதும் வேகம் குறைஞ்சு, தலை குனிஞ்சு, உடம்பு முன்னால சாய்ஞ்சது. ரயன் அந்தத் தலையை இடது அக்குளுக்குள்ள இறுக்கிட்டு வலது கையால உச்சந்தலையில இறக்கினார். பெரும்பாலானவங்க கவனிக்காதது அதுக்கு அப்புறம் நடந்தது: வென்ச்சுரா வெளியேத்தப்பட்டார், ரயன் ஆட்டத்துல தொடர்ந்தார். வென்ச்சுராவுக்குப் பதிலா முதல் பேஸ்ல வந்து நின்ன கிரெய்க் கிரெபெக்கை, அடுத்த பேட்டருக்குப் பந்து போடறதுக்கு முன்னாடியே பிக்-ஆஃப் பண்ணி (பேஸை விட்டு விலகி நின்னப்போ பந்தை அங்க எறிஞ்சு) அவுட்டாக்கிட்டார். குத்தைவிட அதுதான் பெரிய அடி.

பழைய ஸ்கோர்கார்டு:

காரணத்தோட பார்க்கணும்னா ஒரே ஆட்டம்தான்: 1984 ஆகஸ்ட் 12, அட்லான்டா, பாட்ரெஸ் – பிரேவ்ஸ். இது ஒரு சண்டை இல்லை, ஒன்பது இன்னிங்ஸுக்கு நீண்ட ஒரு கணக்குத் தீர்ப்பு.

ஆட்டத்தின் முதல் பந்திலேயே பிரேவ்ஸ் பிட்ச்சர் பாஸ்குவல் பெரெஸ், ஆலன் விகின்ஸின் முதுகில் அடித்தார். அன்று நேஷனல் லீகில் (எம்.எல்.பி.யின் இரு பிரிவுகளில் ஒன்று) பிட்ச்சரும் பேட் பிடிக்க வேண்டும். அதனால் பாட்ரெஸ் வேறு யாரையும் தேடவில்லை, பெரெஸ் பேட்டிங்குக்கு வரும் ஒவ்வொரு முறையும் அவரையே குறிவைத்தார்கள். பாட்ரெஸ் பிட்ச்சர் எட் விட்சன் இரண்டு முறை முயன்றும் படவில்லை. நான்காவது இன்னிங்ஸில் அவரும் மேனேஜர் டிக் வில்லியம்ஸும் வெளியேற்றப்பட்டார்கள். ஆறாவதில் கிரெக் புக்கர் முயன்றார், அவரும் அப்போது பொறுப்பில் இருந்த ஓஸி விர்ஜிலும் வெளியே. எட்டாவதில் கிரெய்க் லெஃபர்ட்ஸ் ஒருவழியாக அடித்தார். பெஞ்ச் முழுவதும் களத்தில்.

பெரெஸ் டகவுட்டுக்குள் ஒதுங்கிவிட, அவரைத் தேடி பாட்ரெஸின் சாம்ப் சம்மர்ஸ் அங்கேயே போனார். வழிமறித்தவர் பிரேவ்ஸின் பாப் ஹார்னர். மணிக்கட்டு முறிந்து ஆட்டத்திலேயே இல்லாதவர், நடக்கப்போவது தெரிந்து மேலேயிருந்து இறங்கி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ரசிகர்களும் கேலரியிலிருந்து குதித்தார்கள். ஒன்பதாவதில் பிரேவ்ஸின் டானி மூர், பாட்ரெஸின் கிரெய்க் நெட்டில்ஸைப் பந்தால் அடிக்க மறுபடியும் ஒரு கலவரம். கடைசியில் ஆட்டத்தில் இல்லாத எல்லோரையும் டிரெஸ்ஸிங் ரூமுக்கு அனுப்பி, பெஞ்சை நிஜமாகவே காலியாக வைத்துத்தான் அம்பயர்கள் ஆட்டத்தை முடித்தார்கள். பிரேவ்ஸ் 5-3. வில்லியம்ஸுக்கு 10 நாள் சஸ்பென்ஷன், 10,000 டாலர் அபராதம்.

குறி தவறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டாவது இன்னிங்ஸிலேயே இடுப்பில் ஒன்று பட்டிருந்தால் பெரெஸ் முதல் பேஸுக்கு நடந்திருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். தவறிய ஒவ்வொரு பந்தும் அடுத்தவர் தலையில் கடனாக ஏறியது.

இன்னொன்று, ரசித்துப் பார்க்க அல்ல, தெரிந்திருக்க. 1965 ஆகஸ்ட் 22, சான் ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க். ஜயன்ட்ஸ் பிட்ச்சர் ஹுவான் மாரிச்சல் அதற்குள் டாட்ஜர்ஸ் பேட்டர்கள் இருவரைக் கீழே விழவைத்திருந்தார். அவர் பேட் பிடிக்க வந்தபோது கேட்ச்சர் ஜான் ரோஸ்பரோ, பிட்ச்சர் சாண்டி கூஃபாக்ஸுக்குத் திருப்பி எறிந்த பந்து மாரிச்சலின் காதை ஒட்டிப் போனது. மாரிச்சல் கையிலிருந்த பேட்டாலேயே ரோஸ்பரோவின் தலையில் அடித்தார். 14 தையல். ரத்தம் வழிந்த ரோஸ்பரோவைப் பிடித்து அழைத்துப் போனவர் எதிரணியின் வில்லி மேஸ். ஆட்டம் தொடர்ந்ததும் நிலைகுலைந்திருந்த கூஃபாக்ஸின் பந்தில் மூன்று ரன் ஹோமர் (வேலியைத் தாண்டும் அடி) அடித்ததும் அதே மேஸ்தான். மாரிச்சலுக்கு 8 ஆட்டத் தடையும் 1,750 டாலர் அபராதமும். அந்த ஆண்டு லீக் பட்டியலில் டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸை முந்தியது வெறும் 2 ஆட்ட வித்தியாசத்தில், மாரிச்சல் தவறவிட்ட முறைகளை அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள்.

இடதுகை ரிலீவர்:

ஸ்கோர்கார்டு அண்ணே, "இடுப்பில் ஒன்று பட்டிருந்தால் முடிந்திருக்கும்" என்பதை ஒத்துக்கொள்ள முடியலை. ஜயன்ட்ஸ் பிட்ச்சர் ஹன்டர் ஸ்ட்ரிக்லண்ட் 2017 மே 29ல நேஷனல்ஸ் பேட்டர் பிரைஸ் ஹார்ப்பரை அடிச்சது இடுப்புலதான். 98 மைல் வேகம், எட்டாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், பேஸ்ல ஆள் இல்லை. "முறைப்படி" அடிக்க இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. காரணம் 2014 பிளேஆஃப்ல அவர் பந்துல ஹார்ப்பர் அடிச்ச ரெண்டு ஹோமர். கிட்டத்தட்ட மூணு வருஷப் பழைய பாக்கி! கேட்ச்சர் பஸ்டர் போசி எழுந்து தடுக்கவே இல்லை, ஓரமா நின்னுட்டார். ஹார்ப்பர் எறிஞ்ச ஹெல்மெட் ஆள் இல்லாத பக்கம் போச்சு. நிஜமா அடிபட்டது ஜயன்ட்ஸ் டீமோட மைக்கேல் மோர்ஸ். தடுக்க ஓடி வந்தவர், எதிர்ப்பக்கம் இருந்து வந்த சொந்த டீம் பிட்ச்சர் ஜெஃப் சமார்ஜா மேல மோதினார். மூளை அதிர்ச்சி. அதுக்கப்புறம் மேஜர் லீக்ல அவர் ஆடவே இல்லை.

காயம் வர்ற விதம் பெரும்பாலும் இதுதான்: குத்துல இல்லை, மோதல்லயும் குவியல்ல அடியில மாட்டறதுலயும். 1976ல யாங்கீஸோட நடந்த கைகலப்புல ரெட் சாக்ஸ் பிட்ச்சர் பில் லீக்கு எறியற தோள் போச்சு. அதனால வீடியோ பார்க்கும்போது நடுவுல இருக்கற ரெண்டு பேரை விட்டுட்டு விளிம்பைப் பாருங்க. 1998 மே 19 யாங்கீஸ் – ஓரியோல்ஸ் சண்டை அதுக்குச் சரியான உதாரணம். யாங்கீஸோட பெர்னி வில்லியம்ஸ் ஹோமர் அடிச்ச கையோட ஓரியோல்ஸ் பிட்ச்சர் அர்மாண்டோ பெனிடெஸ் அடுத்து வந்த டினோ மார்ட்டினெஸ் முதுகுல அடிச்சார். அணைஞ்சு போன மாதிரி இருந்த சண்டை, புல்பென்ல இருந்து யாங்கீஸ் ரிலீவர்கள் (மாற்றுப் பிட்ச்சர்கள்) வந்து சேர்ந்ததும் மறுபடி பத்திக்கிட்டு ஓரியோல்ஸ் டகவுட்டுக்குள்ளயே போயிடுச்சு. பெனிடெஸுக்கு 8 ஆட்டம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ்:

அருமை. ஒரு சந்தேகம்: பிட்ச்சருக்கு அஞ்சாறு ஆட்டம், அடிவாங்கி ஓடின பேட்டருக்கும் அதே அளவு. இது என்ன நியாயம்?

ரூல்புக்:

நியாயமே இல்ல. ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கற பிட்ச்சர்) அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் ஆடறார். 5 ஆட்டம் தடைன்னா அவர் முறை ஒரு நாள் தள்ளிப் போகும், சில சமயம் அதுவும் இல்லை. தினம் ஆடற பேட்டருக்கு 5ன்னா 5ம் போச்சு. அதனால எண்ணை மட்டும் ஒப்பிடாதீங்க.

களத்துல: வேணும்னு அடிச்சார்னு அம்பயர் நினைச்சா பிட்ச்சரை, தேவைப்பட்டா மேனேஜரையும் சேர்த்து, வெளியேத்தலாம். இல்லைன்னா ரெண்டு டீமுக்கும் எச்சரிக்கை. எச்சரிக்கைக்கு அப்புறம் வேணும்னு இன்னொண்ணு போட்டா பிட்ச்சரும் மேனேஜரும் காலி. இதுல ஒரு ஓட்டை உண்டு. முதல் அடி அடிச்ச டீம் தப்பிச்சுடும், பதிலடி கொடுக்கற டீம்தான் மாட்டும்.

அப்பீல்: வீரர் அப்பீல் பண்ணா தீர்ப்பு வர்ற வரைக்கும் ஆடலாம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு ஆட்டம் குறையும். மேனேஜருக்கும் கோச்சுக்கும் அந்த வசதி இல்லை, உடனே உட்காரணும். தடையில இருக்கறவருக்குப் பதில் ஆள் எடுக்க முடியாது, டீம் ஒருத்தர் குறைவா ஆடணும். அதனால நிறைய பேர் மாட்டினா தடையை ஒருத்தர் மாத்தி ஒருத்தரா அனுபவிப்பாங்க.

இதெல்லாம் ஒரே ஆட்டத்துல பார்க்கணும்னா 2022 ஜூன் 26 ஏஞ்சல்ஸ் – மேரினர்ஸ். முந்தின ராத்திரி ஏஞ்சல்ஸ் பேட்டர் மைக் டிரவுட் தலைக்குப் பக்கத்துல ஒரு பந்து. மறுநாள் காலையில ஏஞ்சல்ஸ் தங்கள் ஸ்டார்ட்டரை மாத்தி ஆண்ட்ரூ வான்ட்ஸை இறக்கினாங்க. அங்கேயே விஷயம் புரிஞ்சிருக்கும். முதல் இன்னிங்ஸ்ல மேரினர்ஸ் பேட்டர் ஹூலியோ ரோட்ரிகஸ் தலைக்குப் பின்னால ஒண்ணு, எச்சரிக்கை. ரெண்டாவதுல ஜெஸ்ஸி விங்கர் மேல பட்டது. விங்கர் மவுண்டுக்குப் போகலை, நேரா ஏஞ்சல்ஸ் டகவுட்டுக்குப் போனார். காயப் பட்டியல்ல வலது கையில கட்டோட இருந்த ஆன்டனி ரெண்டன், இடது கையால விங்கர் முகத்தைத் தள்ளினார். 12 பேருக்கு மொத்தம் 47 ஆட்டம், அதுல ஏஞ்சல்ஸ் மேனேஜர் ஃபில் நெவினுக்கு மட்டும் 10. ரெண்டனுக்கு 5, அதையும் உடம்பு சரியாகித் திரும்பி வந்த பிறகுதான் கழிக்கணும்னு தீர்ப்பு.

கேட்ச்சர் மாஸ்க்:

சுத்தமான குத்துதான் வேணும்னா 2016 மே 15, ரூக்னெட் ஓடோர் (டெக்சஸ்) – ஹோசே பவுதிஸ்தா (டொராண்டோ). ஆனா முதல்ல 2015 அக்டோபர் 14 ஆட்டத்துல பவுதிஸ்தா ஹோமர் அடிச்சுட்டு பேட்டைச் சுழற்றி எறியறதைப் பாருங்க. டெக்சஸ் ஏழு மாசம் காத்திருந்து, அந்த சீசன்ல ரெண்டு டீமும் மோதற கடைசி ஆட்டத்துல, எட்டாவது இன்னிங்ஸ்ல, 7-6 முன்னிலையில அவரைப் பந்தால அடிச்சது. அவர் கோபத்தை ரெண்டாவது பேஸ் ஸ்லைடுல காட்டினார், ஓடோர் தன் கோபத்தைப் பவுதிஸ்தா தாடையில காட்டினார். கண்ணாடி தெறிச்சாலும் பவுதிஸ்தா கீழே விழலை, ஏட்ரியன் பெல்ட்ரே பின்னாலிருந்து கட்டிப்பிடிச்சு நகர்த்திக்கிட்டுப் போறார் பாருங்க. ஆளைத் தடுக்கற சரியான பிடி அது.