வீட்டுக்குள் செடி வளர்க்க மண் எதற்கு? (சண்டைக்கு வரலாம்)

தண்ணீர்ச்செடி:
தொட்டி மண்ணோடு நான் பட்ட பாடு போதும். ஊற்றினால் அழுகும், ஊற்றாவிட்டால் காயும், நடுவில் எங்கே பார்த்தாலும் குட்டிக் குட்டி ஈக்கள் பறக்கும். நான்கு மாதமாக உள்ளறை அலமாரியில் ஒரு தட்டு, மேலே எல்இடி விளக்கு, கீழே மூடி போட்ட டப்பா, டப்பாவுக்குள் சத்துக்கரைசல், அவ்வளவுதான் என் தோட்டம். லெட்டூஸ் (சாலட் கீரை) விதை போட்ட 40 நாளில் பறிக்கிறேன். செடிக்கு மண் தேவையில்லை, அதில் கரையும் உப்புகள்தான் தேவை என்பதை 1860களிலேயே சாக்ஸ், நாப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வெறும் கரைசலில் வளர்த்துக் காட்டிவிட்டார்கள். இன்னும் ஏன் மண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? பதில் இருந்தால் சொல்லுங்கள்.

மண்புழு:
இருக்கிறது. நீங்கள் 1860களில் ஆரம்பித்தீர்கள், நான் இன்னும் பின்னே போகிறேன். 1699இல் ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவை மழைநீர், ஆற்றுநீர், தோட்டமண் கலந்த நீர் என்று தனித்தனியாக வைத்துப் பார்த்தார். சுத்தமான தண்ணீரில் இருந்தது நோஞ்சானாக நின்றது, மண் கலந்ததில் இருந்தது தளதளவென்று வந்தது.

இதற்கு நீங்கள் 'அதுதான் சொன்னேனே, மண்ணிலிருந்து உப்பு கரைந்திருக்கும்' என்பீர்கள். சரி, கரைந்தது. ஆனால் மண்ணுக்கு உப்பு கொடுப்பது மட்டும் வேலை இல்லை. களிமண்ணும் மட்கிய குப்பையும் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. நீங்கள் அவசரத்தில் இரண்டு கரண்டி உரம் கூடுதலாகப் போட்டால் அதையும் ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. பிஎச் (அமில, கார அளவு) ஒரேயடியாக ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கின்றன. நிலத்துச் செடிகளில் பெரும்பாலானவற்றின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை பாஸ்பரஸை எங்கிருந்தோ இழுத்து வந்து கொடுக்கிறது. உங்கள் டப்பாவில் இந்த வேலையெல்லாம் யார் செய்வது? நீங்கள்தான். சம்பளம் இல்லாமல்.

தண்ணீர்ச்செடி:
செய்கிறேனே, அதில் என்ன கஷ்டம்? வாரம் ஒருமுறை ஈசி மீட்டரையும் (கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டுவது) பிஎச் மீட்டரையும் முக்கிப் பார்க்கிறேன், ஐந்து நிமிட வேலை. லெட்டூஸுக்கு ஈசி 1.2 பக்கம், பிஎச் 5.5க்கும் 6.5க்கும் நடுவே. உங்கள் மண்ணில் இப்போது எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடியுமா? இலை வெளுத்த பிறகு ஊகம்தான் செய்வீர்கள். அப்புறம் அந்தப் பூஞ்சை, பாஸ்பரஸ் கிடைக்காத இடத்தில்தான் அதற்கு மதிப்பு. நான் வேருக்குப் பக்கத்திலேயே கரைத்து வைத்திருக்கும்போது தரகர் எதற்கு?

மூன்றாம்முறை:
பெயரைப் பார்த்தாலே தெரியும், மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறை விட்டவன். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி ஆதரவு.

முதல் முறை குழாய் முறை. சாய்வான குழாயில் மெல்லிய படலமாகக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும், வேர் அதை நக்கிக்கொண்டு வளரும், பார்க்க அவ்வளவு அழகு. சனிக்கிழமை வெளியே போனேன், திங்கள் காலை வந்தேன், இடையில் எப்போதோ பம்ப் நின்றிருக்கிறது. 18 செடியும் துணி மாதிரி தொங்கின. அதே இரண்டு நாள் மண்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டாம் முறை, பம்ப் நின்றாலும் பிழைக்கட்டும் என்று பெரிய வாளி நிறையக் கரைசல், அடியில் காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல். வெயில் காலம் வந்தது, கரைசல் 30 டிகிரிக்கு ஏறியது. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேரோ சூட்டில் இன்னும் அதிகமாக மூச்சு விடும். அந்த நேரம் பார்த்து பித்தியம் என்ற வேரழுகல் கிருமி வந்தது. வெள்ளை வேர் மூன்று நாளில் பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து வந்தது. நாற்றம் வேறு. ஒரே தண்ணீரில் எல்லாச் செடிக்கும் வேர் இருப்பதால் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். மண்ணில் தொட்டிக்குத் தொட்டி சுவர் இருக்கிறது.

மூன்றாம் முறை நடந்தது என் முட்டாள்தனம். சத்துக்கரைசலை ஏ பாட்டில், பி பாட்டில் என்று இரண்டாகக் கொடுக்கிறார்களே, எதற்கு என்று யோசிக்காமல் இரண்டையும் நேராக ஒன்றாக ஊற்றிக் குலுக்கினேன். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக அடியில் படிந்துவிட்டது. கால்சியம் ஒன்றில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் மற்றொன்றில். அடர்த்தியாக இருக்கும்போது சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். தண்ணீரில் முதலில் ஒன்றைக் கலக்கி, அப்புறம்தான் அடுத்ததை ஊற்ற வேண்டும்.

தண்ணீர்ச்செடி:
அண்ணா, உங்கள் முதல் இரண்டு கதையும் பம்ப்பும் பெரிய வாளியும் வைத்ததால் வந்தவை. நான் செய்வது கிராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கிராட்கி என்பவர் பெயராலேயே சொல்கிறார்கள். பம்ப் இல்லை, காற்றுக்கல் இல்லை, மின்சாரமும் விளக்குக்கு மட்டும்தான். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இறங்கிய இடத்தில் காற்று நிற்கும், அந்தக் காற்றில் இருக்கும் மேல்வேர் மூச்சு விடும், அடிவேர் குடிக்கும். செடிக்கு ஒரு டப்பா என்பதால் நோய் பரவும் பேச்சும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
விளக்குக்கு 'மட்டும்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். கணக்குப் போடலாமா?

ஒரு சதுர மீட்டர் லெட்டூஸுக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அளவு) வெளிச்சம், நாளுக்கு 16 மணி நேரம் என்று வையுங்கள். நாளுக்கு 11.5 மோல் வருகிறது, லெட்டூஸுக்கு இது தாராளம் இல்லை, போதும் போதாததுமான அளவு. நல்ல எல்இடி வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும். ஆக 80 வாட். நாளுக்கு 1.28 யூனிட், 30 நாளுக்கு 38 யூனிட். அந்த இடத்தில் 25 செடி, செடிக்கு 150 கிராம் என்றால் மூன்றே முக்கால் கிலோ. கிலோவுக்குப் பத்து யூனிட். அதுவும் வெளிச்சம் ஒரு துளிகூடச் சுவரில் சிந்தவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. லெட்டூஸில் 95 சதவீதம் தண்ணீர் என்பதையும் நினைவில் வையுங்கள், பத்து யூனிட் செலவழித்து ஐம்பது கிராம் உலர்பொருள் செய்கிறீர்கள். தக்காளி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு கேட்கும், பூவை வேறு நீங்களே தட்டி மகரந்தம் உதிர்க்க வேண்டும்.

2015இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்கள் ஊர் லெட்டூஸை வைத்து வயலையும் மண்ணில்லாப் பசுமைக்குடிலையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டதில், வயலிலிருந்து குடிலுக்கு மாறினால் தண்ணீர் கிலோவுக்கு 250 லிட்டரிலிருந்து 20 லிட்டராகக் குறைந்தது. உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் ஆற்றல் 1,100 கிலோஜூலிலிருந்து 90,000க்கு ஏறியது. 82 மடங்கு.

மண்புழு:
அதனால்தானே கட்டிடத்துக்குள் விளக்கு வைத்துக் கீரை வளர்த்த பெரிய பெரிய நிறுவனங்களே தடுமாறின. ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்பு கேட்டது, பவரி 2024இல் கடையைச் சாத்தியது, பிளெண்டி 2025இல் திவால் மனு போட்டது. கோடி கோடியாகக் கொட்டியவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை.

தண்ணீர்ச்செடி:
நான் என்ன நிறுவனமா நடத்துகிறேன்? அலமாரித் தட்டுக்கு முதலீட்டாளர் யாரும் இல்லை.

கணக்குப்பிள்ளைக்கு வருகிறேன். அரிசோனா கணக்கில் முக்கால்வாசிக்கு மேல் பசுமைக்குடிலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் போனது, அதைத் தூக்கி என் தலையில் வைக்காதீர்கள். உங்கள் பத்து யூனிட் சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே அலமாரியில் அதே விளக்கின் கீழ் ஒரு மண்தொட்டி வைத்தால் எத்தனை யூனிட் ஓடும்?

கணக்குப்பிள்ளை:
அதே பத்து. ம். சரி, இதில் நான் தவறான ஆளை அடித்துக்கொண்டிருந்தேன். விளக்குச் செலவு 'வீட்டுக்குள்' என்பதற்கு வருவது, 'மண்ணில்லாமல்' என்பதற்கு இல்லை. ஜன்னலோரம் நல்ல வெயில் விழுந்தால் டப்பாவும் சும்மாவே வளரும், மண்தொட்டியும் சும்மாவே வளரும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் இந்த இழையில் பாதிச் சண்டை நடக்கிறது.

ஆனால் அதே கத்தி உங்களையும் வெட்டும். 'மண்ணில்லாமல் வேகமாக வளர்கிறது' என்று எல்லாரும் காட்டும் படங்களில் விளக்கு, விதை, இடைவெளி எல்லாம் மாறியிருக்கும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கெரிக் என்பவர் 1930களில் 25 அடித் தக்காளிக்கொடியைத் தண்ணீரில் வளர்த்து உலகத்தையே வாயைப் பிளக்க வைத்தார், மண்ணில்லாமல் கரைசலில் வளர்ப்பதற்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். அதே பல்கலைக்கழகத்தில் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938இல் நல்ல மண்ணையும் கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் சமமாக இருந்தால் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். இன்றைக்கு எல்லாரும் ஹோக்லண்ட் கரைசல் என்று கலக்குகிறார்களே, அதே ஹோக்லண்ட்.

தண்ணீர்ச்செடி:
'நல்ல மண்' என்பதில் அடிக்கோடு போடுங்கள். வீட்டுத் தொட்டியில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

மண்புழு:
என்னிடம் இருக்கிறது, நானே செய்தது. சரி, விளைச்சலை விடுங்கள். நீங்கள் சாப்பிடுவது முழுக்க ரசாயன உப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கை விளைபொருள் என்று சொல்ல வேண்டுமானால் உயிருள்ள மண்ணில் வளர்ந்திருக்க வேண்டும், உங்கள் டப்பாவுக்கு அங்கே இடமில்லை.

தண்ணீர்ச்செடி:
அமெரிக்காவில் 2017இல் இதே கேள்வி வாக்கெடுப்புக்கு வந்து, தடை வேண்டாம் என்று 8க்கு 7இல் முடிந்ததையும் சொல்லியிருக்கலாம். முத்திரை என்பது சட்டம், அதை இலையில் தேட முடியாது. சாணம் மக்கினாலும் வேருக்குள் பெரும்பாலும் போவது நைட்ரேட்தான், என் பாட்டிலில் இருப்பதும் நைட்ரேட்தான். செடி ரசீது கேட்பதில்லை.

மண்புழு:
கேட்காது, ஆனால் சேர்த்து வைக்கும். வெளிச்சம் குறைந்தால் இழுத்த நைட்ரேட்டைப் புரதமாக்க முடியாமல் இலையிலேயே தேக்கும். மூடிய இடத்தில் வளர்ந்த லெட்டூஸுக்குக் கோடையில் கிலோவுக்கு 4,000 மில்லிகிராம், குளிர்காலத்தில் 5,000 என்று ஐரோப்பாவில் வரம்பே வைத்திருக்கிறார்கள். நீங்கள் மங்கலான விளக்கில் உரத்தை ஊற்றிக்கொண்டே இருந்தால் எவ்வளவு தேங்கும்?

மூன்றாம்முறை:
இது நியாயமான புள்ளி. மண்தொட்டியில் உரத்தை அள்ளிப் போட்டாலும் நடக்கும், ஆனால் கரைசலில் அள்ளிக் கொடுப்பது ரொம்பச் சுலபம். பறிப்பதற்குச் சில நாள் முன்னால் கரைசலை நீர்க்க வைத்துவிட்டு விளக்கைக் குறைக்காமல் இருந்தால் இறங்கும்.

(கோகோபீட்டில் வளர்ப்பவர்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்டுவிடாதீர்கள், அதற்குத் தனி இழை வேண்டும்.)

தண்ணீர்ச்செடி:
விளக்கு ஓகே, நைட்ரேட்டை யோசிக்கிறேன். இப்போது ஒன்று கேட்டால் சிரிக்கக் கூடாது. ஒரு வாரமாகப் புது இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நன்றாகவே இருக்கின்றன.

மண்புழு:
சிரிக்கவில்லை (சிரித்தேன்). புது இலை, நரம்பு பச்சை என்றால் இரும்பு. நைட்ரஜன் குறைந்தால் பழைய இலைதான் முதலில் வெளுக்கும். பிஎச் எவ்வளவு?

தண்ணீர்ச்செடி:
7.6 காட்டியது.

மூன்றாம்முறை:
செடி நைட்ரேட்டை இழுக்க இழுக்க பிஎச் ஏறும், உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். உரத்தில் இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் இடிடிஏ என்ற பொருள், பிஎச் ஆறரையைத் தாண்டினால் பிடி விட்டுவிடும், கரைசலில் இரும்பு இருந்தும் வேருக்குப் பயன்படாது. ஆனால் அமிலத்தில் கை வைக்கும் முன் இரண்டு கேள்வி. டப்பாவில் இப்போது மட்டம் எங்கே இருக்கிறது? அந்த மீட்டரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?

தண்ணீர்ச்செடி:
மட்டம் பாதிக்கு இறங்கியிருந்தது, பாவமாக இருந்ததால் போன வாரம் மூடி வரை நிரப்பினேன்.

மீட்டரை வாங்கிய நாளிலிருந்து சரிபார்க்கவில்லை.

மண்புழு:
மேல்வேர் மூச்சு விடும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தது யார்? காற்றில் பழகிய வேரைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டீர்கள். மூச்சுத் திணறும் வேரும் இரும்பை எடுக்காது. மீட்டரோடு 7 என்று எழுதிய ஒரு சிறு பொடிப் பாக்கெட் வந்திருக்கும். சொன்ன அளவு காய்ச்சி வடித்த நீரில் அதைக் கரைத்து முக்கிப் பாருங்கள்.

தண்ணீர்ச்செடி:
முக்கினேன். 8.2 காட்டுகிறது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் 7.6 என்று காட்டியது கிட்டத்தட்ட 6.4. பிஎச் சரியாகவே இருந்திருக்கிறது. அமிலம் ஊற்றவில்லையே?

தண்ணீர்ச்செடி:
நேற்று இரவே ஊற்றிவிட்டேன். 6.0 காட்டும் வரைக்கும்.

மூன்றாம்முறை:
அதாவது 4.8. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள், பாதி டப்பா மட்டும். ஏ பாட்டில் முதலில்.