ஃப்ளையிங் பட்ரஸ்: பறப்பதா, முட்டுவதா?

அன்புள்ள குழுவினருக்கு,

பிரான்சின் கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) பேராலயங்கள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'பட்ரஸ்' (சுவர் வெளியே சாயாமலிருக்கப் புறத்தே ஒட்டிக் கட்டும் கனத்த அணை) என்பதற்கு உதைசுவர் என்று போட்டுவிட்டேன். சுவரிலிருந்து தள்ளி நின்று ஒரு வளைவால் அதே வேலையைச் செய்யும் 'ஃப்ளையிங் பட்ரஸ்' வந்ததும் நின்றுவிட்டது. 'பறக்கும் உதைசுவர்' என்று எழுதி நானே சிரித்தேன். 'பறக்கும் முட்டு' என்கிறார் தோழி ஒருவர். நம் சிற்ப மரபில் பழைய சொல் ஏதும் உண்டா?

---

வணக்கம் அம்மா,

'பறக்கும் முட்டு' வேண்டவே வேண்டாம். இரண்டாம் வேற்றுமையில் வைத்துப் பாருங்கள்: "தீ விபத்துக்குப் பின் பறக்கும் முட்டைப் பலப்படுத்தினார்கள்." கோழிகூட நம்பாது. எந்தக் கலைச்சொல்லையும் ஐ, ஆல், கு போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது என் பழைய புலம்பல்.

சிற்ப மரபில் தேடிப் பயனில்லை, ஏனென்றால் அங்கே அதற்கு வேலையே இல்லை. நம் கோயில் தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கற்பலகை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உட்புறம்கூட, கல்லை வரிக்கு வரி உள்ளே நீட்டி அடுக்கிக் குறுக்கிக்கொண்டு போனதுதான். பாரம் நேரே கீழே இறங்கும். சுவரை வெளியே தள்ளாது.

கோதிக் கட்டடத்தில் கதை வேறு. கல்லால் ஆன வளைகூரை காலை அகட்டப் பார்க்கும். 1194 தீக்குப் பிறகு எழுப்பிய சார்த்ர் பேராலயத்தில் அந்தக் கூரை ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சுவரைத் தடிமனாக்கலாம்தான், ஆனால் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு இடமிராது. அதனால் வெளியே தள்ளி ஒரு கனத்த தூண். அதிலிருந்து பக்கக்கூடத்தின் கூரையைத் தாண்டி ஓர் அரைவளைவு வந்து, சுவர் வெளியே தள்ளுகிற இடத்திலேயே எதிர்த்துத் தள்ளுகிறது.

ஆக, அது சுவரைத் தாங்கவில்லை, முட்டுகிறது. 2019 ஏப்ரல் 15 தீக்குப் பின் பாரிஸ் நோட்ர டாம் பேராலயத்தில் இதுதான் பெரிய கவலை. உள்ளே வளைகூரை மேலும் இடிந்தால், எதிர்த்துத் தள்ள ஆளில்லாமல் இந்த வளைவுகளே சுவரை உள்பக்கம் சாய்த்துவிடும். 28 வளைவுகளுக்கும் அடியில் மரச் சட்டம் கொடுத்து நிறுத்தினார்கள் (நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்கிறார்களே, அதே வேலை).

பிரெஞ்சில் இதன் பெயர் 'ஆர்க் பூத்தான்', அதாவது தள்ளும் வளைவு. பறக்கவிட்டது ஆங்கிலம். நாம் ஏன் மொழிபெயர்ப்பை மொழிபெயர்க்க வேண்டும்? என் பரிந்துரை: முட்டுவளைவு. தார் போட்ட வாழைக்குச் சவுக்குக் கம்பைச் சாய்த்துக் கொடுக்கிறோமே, அந்த முட்டு. வெளியே நிற்கும் தூண் முட்டுக்கால். 'முட்டுவில்' இன்னும் சிக்கனம்தான். ஆனால் ஐ சேர்ந்தால் 'முட்டுவில்லை', மாத்திரை வாடை அடிக்கிறது.

---

ஐயா, கட்டுமானத் தளத்தில் இருபது வருடம் இருந்தவன் என்பதால் ஒரு சொல். தளத்தில் முட்டு என்றால் கான்கிரீட் பலகைக்கு அடியில் செங்குத்தாக நிற்பது. அது தாங்கத்தான் செய்கிறது. தவிர, இன்றைய பிள்ளைகளுக்கு 'முட்டுக் கொடுப்பது' என்றால் கட்சிக்காரர் தலைவருக்குச் செய்வது! உதைசுவர் ஏற்கெனவே இருக்கிறதே, அதே குடும்பத்தில் 'உதைவளைவு' ஆகாதா? பறப்பதையும் அவ்வளவு இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். தூண்மேல் ஓடுவதைச் சென்னைக்காரர்கள் பறக்கும் ரயில் என்றுதானே சொல்கிறார்கள்.

---

ரயிலுக்குத் தோற்றேன். உதைவளைவும் நல்ல சொல்தான். பட்ரஸ் வகை முழுவதையும் ஒரே வேரில் அடக்கலாம். ஆனால் உதை ஒரு கணத்தில் முடிந்துவிடும். எண்ணூறு வருடமாக ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பதற்கு எனக்கு முட்டுதான் பிடிக்கிறது.

---

இருவருக்கும் நன்றி. கட்டுரையில் 'முட்டுவளைவு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'உதைவளைவு என்றும் சொல்லலாம்' என்று சேர்த்துவிட்டேன். அடுத்த பத்தியிலேயே இன்னொரு சிக்கல். இந்த வளைவின் முதுகில் மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன் முனையில் வாயைப் பிளந்து நீரைத் துப்பும் பூத உருவம், கார்காயில். 'கோமுகி' என்று போடலாமா? முகம் பசு மாதிரி இல்லை, அதுதான் தயக்கம்.