வேற விலான்ல இருக்கிற மெஷினுக்கு பிஎக்ஸ்இ பூட் ஆகல, யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, எங்க லேப்ல ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய டெஸ்க்டாப் எல்லாத்தையும் பிஎக்ஸ்இ மூலமா, அதாவது டிஸ்க் இல்லாம நெட்வொர்க் வழியாவே, உபுண்டு பூட் பண்ண வைக்கணும். மெஷினுக்கு ஐபி கொடுக்கிற டிஹெச்சிபி ரவுட்டர்ல தான் ஓடுது, அதுல கை வைக்க விடமாட்டாங்க, அதனால தனியா ஒரு லினக்ஸ் பாக்ஸ்ல டிஎன்எஸ்மாஸ்க்ங்கிற சாஃப்ட்வேர ப்ராக்ஸி மோட்ல போட்டு, ஐபி ரவுட்டர் கொடுக்கட்டும் பூட் ஃபைல் பேர மட்டும் இது கொடுக்கட்டும்னு விட்டிருக்கேன். ஒரே விலான்ல, அதாவது தனியா பிரிச்ச ஒரே நெட்வொர்க் பகுதிக்குள்ள, அருமையா வேலை செய்யுது. பழைய பயாஸ் மெஷினுக்கு அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ, புது வகை யூஇஎஃப்ஐக்கு ஐபிஎக்ஸ்இ.இஎஃப்ஐ, மெஷின் எந்த வகைன்னு சொல்ற ஆப்ஷன் 93 பாத்து பிரிச்சு கொடுக்குது.

பிரச்சனை மாடியில. அது வேற விலான், அங்க ஐபி கிடைக்குது ஆனா உடனே பிஎக்ஸ்இ-ஈ53, பூட் ஃபைல்நேம் வரலைன்னு நின்னுடுது. ப்ராட்காஸ்ட் ரவுட்டர தாண்டாதுன்னு தெரியும், ஆனா அந்த விலானுக்கும் ரவுட்டரே டிஹெச்சிபி சர்வரா இருக்கிறப்போ ரிலேவும் (அந்த ப்ராட்காஸ்ட்ட லினக்ஸ் பாக்ஸுக்கு அனுப்பி விடுறது) சேத்து போட முடியுமா? இல்ல லினக்ஸ் பாக்ஸுக்கே அந்த விலான ட்ரங்க்ல (பல விலான் ஒரே கேபிள்ல வர்றது) கொண்டுவந்து இன்னொரு ப்ராக்ஸி ரேஞ்ச் சேக்குறது தான் நல்லதா? ஃபயர்வால்ல யுடிபி 67, 69, 4011 மூணும் திறந்தாச்சு.

இன்னொன்னு, கேபிள் போகாத ரூம்ல நாலஞ்சு லேப்டாப் இருக்கு. வைஃபைல பிஎக்ஸ்இ பொதுவா வராது, அதனால ஐபிஎக்ஸ்இ (நெட்வொர்க் பூட்டுக்கான தனி ப்ரோக்ராம்) யுஎஸ்பி போடலாம்னா அதுலயும் வைஃபை டிரைவர் ரொம்ப கம்மி. வைஃபைய ஈதர்நெட்டா மாத்துற பிரிட்ஜ் வச்சு யாராவது ஓட்டிருக்கீங்களா? பூட் ஃபைல இழுக்கிற டிஎஃப்டிபி அதுல ஆமை வேகமா இருக்கும்னு நினைக்கிறேன், கர்னல ஹெச்டிடிபில இழுத்தா பரவாயில்லையா?

கான்ஃபிக் ஃபைல் வேணும்னா கமெண்ட்ல போடுறேன்.