காவடியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகலாமா?

சமயவியல் மாணவி, டர்பன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமயவியல் முதுகலை படிக்கிறேன். சின்னத் துறை. வியாழன் மதியம் கருத்தரங்கு நடக்கும், முடிந்ததும் டீயும் சமோசாவும். ஜூலு திருச்சபைகளை ஆராய்கிறவர், பழைய மதரசாக் கடிதங்களைப் படிக்கிறவர், நான், எல்லாரும் ஒரே மேசை. வகுப்பில் படித்ததைவிட அந்த டீ நேரத்தில் தெரிந்துகொண்டது அதிகம். மே மாதம் துறையின் திறப்பு நாள். அன்றைக்கு முற்றத்தில் ஒரு காவடி, மேளம், பூசாரியின் விளக்கம், பிறகு அரை மணி நேரம் கேள்வி பதில் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கோயிலோடு பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கோயில் கமிட்டியில் பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் முகம் கொடுத்தே பேசவில்லை. எனக்கு இது நல்ல காரியம் என்றுதான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கோயில் தொண்டர், கிளேர்வுட்:
அம்மா, நீ நல்ல மனசோடுதான் கேட்கிறாய். ஆனால் மே மாதம் யாருக்கு என்ன வேண்டுதல்? தைப்பூசம் போய் மூன்று மாதம் ஆகியிருக்கும். கொடி ஏறி, காப்புக் கட்டி, பத்து நாள் மச்சம் மாமிசம் தொடாமல், தரையில் படுத்து எழுந்தவன் தோளில் ஏறுவதுதான் காவடி. பிள்ளைக்கு உடம்பு தேறவேண்டும் என்று நேர்ந்துகொண்ட தாய் தூக்குகிறாள். வேலை போனவன் தூக்குகிறான். நேர்ச்சை இல்லாமல் தூக்கினால் அது மூங்கிலும் மயிலிறகும் மட்டும்தான். நாற்பது வருஷமாகக் கோயிலில் நிற்கிறேன், இதற்கு என்னால் சரி சொல்ல முடியாது.

சாட்ஸ்வர்த் அக்கா:
அய்யா, உங்கள் வேதனை புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள். எங்கள் குடும்பத்தில் பாதி இப்போது சர்ச்சுக்குப் போகிறது. அதில் எனக்குக் கோபம் இல்லை, அவரவர் மனசு. ஆனால் என் மகளிடம் அவள் சித்தி பிள்ளைகள், "ஏன் நாக்கில் வேல் குத்துகிறீர்கள், ஏன் தீயில் நடக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது அவளுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் கேட்டாள், எனக்கும் தெரியவில்லை. என் அம்மா செய்தாள், நான் செய்கிறேன், அவ்வளவுதான். கோயிலில் கேட்டால், "பயபக்தியோடு இரு, கேள்வி கேட்காதே" என்றார்கள். போன வருஷம் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சொற்பொழிவுக்குப் போனோம். மாரியம்மன் வழிபாடு கரும்புத் தோட்டங்களில் எப்படி வேர்விட்டது என்று ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். திரும்பி வரும்போது காரில் மகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அந்த ஒரு ராத்திரிக்காகவே நான் அந்தத் துறையின் பக்கம் நிற்கிறேன்.

பழைய வெஸ்ட்வில் மாணவன்:
நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஆனால் தொண்டர் அய்யா சொல்லும் காரணத்துக்காக இல்லை.

1961இல் டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரிதான் 1972இல் வெஸ்ட்வில்லுக்கு மாறியது. நம்மை ஒதுக்கி வைக்கக் கட்டிய இடம் அது. அங்கேதான் தமிழுக்கு ஒரு துறை, இந்து சமயத்துக்கு ஒரு துறை, சமய அறிவியலுக்கு ஒரு துறை என்று இருந்தன. 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைவதற்கு முன்பே தமிழ்த் துறை போய்விட்டது. அதனால் மிஞ்சியிருக்கும் சமயவியல் துறையை நான் கண்போலப் பார்க்கிறேன். அது கோயிலின் கிளையாகிவிடக் கூடாது. 2003இல் காதர் அஸ்மால் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த கொள்கை, பள்ளிகளில் சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு, வழிபாடு வேறு என்று பிரித்து வைத்தது. பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பிரிவினை நல்லதே. உம்பிலோவில் ஈஸ்டர் விடுமுறையில் ஏன் தீ மிதிக்கிறோம், தோட்ட முதலாளி கொடுத்த லீவுக்கும் நம் பஞ்சாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாணவி எழுத வேண்டும். கமிட்டி முகம் சுளிக்குமோ என்று பயந்துகொண்டு அவள் எழுதக் கூடாது. இன்று காவடியை அழைத்துவிட்டு நாளை அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா?

சட்டம் படிப்பவன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
ஒரு தகவல். நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அரசு நிறுவனங்களில் வழிபாட்டையே அனுமதிக்கிறது. எல்லாருக்கும் சமமாக நடக்கவேண்டும், வருகிறவர் விருப்பப்பட்டு வரவேண்டும். அதனால் சட்டம் குறுக்கே நிற்காது. மூக்குத்தி போடக் கூடாது என்று டர்பன் பள்ளி ஒரு மாணவியைத் தடுத்த வழக்கு, 2007இல் தீர்ப்பு வந்தது, நினைவிருக்கும். சமயம் கட்டாயப்படுத்தாத, ஒருவர் தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூக்குத்திக்காக ஒரு தமிழ்க் குடும்பம் அந்த நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கோயில் தொண்டர், கிளேர்வுட்:
சட்டம் விடும், தம்பி. முருகன் விடணுமே.

தமிழ் ஆசிரியை, டோங்காட்:
எனக்கு இருக்கும் மனக்குறை இரண்டு பக்கத்தின் மேலும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஆய்வாளர் ஒருவர் எங்கள் கோயிலுக்கு வந்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். என் மாமியாருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவர் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவரும் போட்டார். மாமியாரின் தாத்தாவும் மதராசில் புரியாத ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறினார். கப்பல் பதிவில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு எண் நிற்கிறது. மாமியார் இரண்டு மணி நேரம் பேசினார். "அருள் வந்தது", "ஆத்தா இறங்கினாள்" என்றார். கட்டுரையில் அது முழுக்க "டிரான்ஸ்" என்று வந்திருந்தது. அருள் என்றால் கருணை என்றும் பொருள். ஆத்தா இரங்கி, இவள் உடம்பில் இறங்குகிறாள். ஒரே சொல்லில் அந்த இரக்கமும் வருகையும் இருக்கின்றன. டிரான்ஸ் என்று எழுதியதும் ஆத்தா காணாமல் போய், நோயாளி மாதிரி ஒரு கிழவி மட்டும் மிஞ்சினாள். பெயருக்குப் பதில் "தகவலாளி 4" என்று போட்டிருந்தார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள், இருக்கட்டும். ஆனால் அவர் சொன்ன விளக்கமும் அவருடையதாக இல்லாமல் போயிற்று.

கேப்டவுனில் சமய ஆய்வு கற்பித்த டேவிட் சிடெஸ்டர் 1990களிலேயே இதை எழுதியிருக்கிறார். எல்லைப்புறச் சண்டை நடந்த காலத்தில் இங்குள்ள ஆப்பிரிக்க மக்களுக்குச் சமயமே கிடையாது என்றார்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களை அடக்கி ஆளத் தொடங்கிய பிறகுதான் அவர்களிடம் ஒரு சமயத்தைக் "கண்டுபிடித்தார்கள்". துறைக்கே தெரிந்த கதை இது. தெரிந்தும் ஏன் முற்றத்தில் காவடியை நிறுத்தச் சொல்கிறார்கள்? பூசாரியை வியாழன் கருத்தரங்குக்குக் கூப்பிடட்டும். வெளியூர்ப் பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே மேடை, அதே கார்ச்செலவு, அதே சன்மானம் கொடுக்கட்டும். அவர் தமிழில் பேசட்டும், இந்த மாணவி மொழிபெயர்க்கட்டும். கோயில்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கேள்வி கேட்கும் பிள்ளையை வாயடைத்து அனுப்பினால் அவள் வேறு இடத்தில் போய்த்தான் கேட்பாள்.

பழைய வெஸ்ட்வில் மாணவன்:
டீச்சர், பூசாரியை அறிஞராக அழைப்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருத்தரங்கில் உட்கார்ந்தால் எதிர்க்கேள்வி வரும். எங்கள் காலத்தில் எல்லாருக்கும் வந்தது. "இது சாஸ்திரத்தில் எங்கே இருக்கிறது?" என்று ஆரிய சமாஜத்துப் பையன் கேட்பான். "பெண்கள் ஏன் கருவறைக்குள் போகவில்லை?" என்று ஒரு பெண் கேட்பாள். பூசாரி கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அறிஞருக்குரிய மரியாதையை அவரேதான் வேண்டாம் என்கிறார். அதற்குத் தயார் என்றால் எனக்கு மறுப்பில்லை. மாமியார் கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாட்ஸ்வர்த் அக்கா:
பூசாரி தயாரோ இல்லையோ, என் மகள் தயார். ஆனால் பேச்சு மட்டும் கேட்டால் போதுமா? பார்க்காமல், பக்கத்தில் நிற்காமல், அந்த உடுக்கைச் சத்தம் காதில் விழாமல் என்ன புரியும்?

கோயில் தொண்டர், கிளேர்வுட்:
அக்கா சொல்வதை இரண்டு நாளாக யோசித்தேன். காவடி வளாகத்துக்கு வராது, அதில் நான் மாறவில்லை. ஆனால் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம். அதற்கு விரதம் வேண்டாம், அழைப்பு வேண்டாம், யார் பாத்திரம் நீட்டினாலும் ஊற்றவேண்டும் என்பதுதான் முறை. நாங்கள் மீலி மாவும் (மக்காச்சோள மாவு) புளித்த பாலும் சேர்த்துத்தான் காய்ச்சுகிறோம். தோட்டத்தில் ரேஷனாகக் கிடைத்தது மீலி மாவுதானே. துறை முழுக்க வரட்டும். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைப்போம், அப்போதே வந்தால் கிண்டக் கை வேண்டும். சாப்பிட்ட பிறகு மண்டபத்தில் உட்கார்ந்து என்ன கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும். சாஸ்திரக் கேள்வியும் சரி, பெண்கள் கேள்வியும் சரி. தெரிந்ததைச் சொல்கிறேன். அருள் வந்தவர்களைப் படம் எடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

சமயவியல் மாணவி, டர்பன்:
அய்யா, இன்று துறைத் தலைவரிடம் சொன்னேன். திறப்பு நாளில் காவடி இல்லை. அதில் அவருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கூழுக்கு வர ஒப்புக்கொண்டார். டீ மேசையில் சொன்னதும் ஜூலு திருச்சபை ஆய்வாளர் சிரித்தார். மீலி மாவுக் கூழும் அமாசித் தயிரும் அவர் பாட்டி வீட்டுச் சாப்பாடாம். முன்னோருக்குப் படைக்கும்போது அவர்களும் விடியலில்தான் அடுப்பு மூட்டுவார்களாம். அவர் நாலு மணிக்கே வருகிறார்.

டீச்சர், சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன். "அருள்" வரும் இடத்தில் அப்படியே அருள் என்று விட்டிருக்கிறேன். இந்த வாரம் உங்களுக்கு அனுப்பலாமா? உங்கள் மாமியாருக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட முடியுமா?

தமிழ் ஆசிரியை, டோங்காட்:
அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, கண்ணு. எனக்கு அனுப்பு, நான் வாசிக்கிறேன்.