சாயங்காலம் மட்டும் ஏறும் டெம்பரேச்சர் முள்: யான்மார் 3ஜிஎம்30எஃப், உதவி தேவை

பாய்க்கயிறு:

பிரிஸ்பேன் மேன்லி துறையில் 32 அடி பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று கை மாறி வந்தது. உள்ளே யான்மார் 3ஜிஎம்30எஃப், மூன்று சிலிண்டர் டீசல். இன்ஜினைச் சுற்றி ஓடுவது கூலன்ட். கடல்தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் புகுந்து அதைக் குளிரவைத்துவிட்டு, புகையோடு சேர்ந்து பின்னால் போய்விடும். கம்பெனி பேனலில் விளக்கும் அலாரமும்தான் உண்டு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் தனியாக விடிஓ கம்பெனியின் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றை மாட்டியிருக்கிறார்.

வாங்கிய நாளிலிருந்து முள் 80-இல் நிற்கும். இரண்டு மாதமாகத்தான் இந்தத் தலைவலி. காலையில் மோரிட்டன் தீவுக்குப் போகும்போது அதே 80. பொழுது சாய்ந்து திரும்பும்போது 95, சில நாள் 100. பயந்துபோய் வேகத்தைக் குறைத்தாலும் முள் இறங்குவதில்லை. அலாரம் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பின்னால் தண்ணீர் நன்றாகவே துப்புகிறது.

இம்பெல்லர் (கடல்தண்ணீரை இழுக்கும் பம்ப்பின் இறக்கைச் சக்கரம்), தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்ட் வழியைத் திறக்கும் வால்வு), பெல்ட், கூலன்ட் எல்லாம் மாற்றியாயிற்று. ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் கழற்றிக் கழுவினேன். கழற்றிய பழைய இம்பெல்லரில் ஒரு இறக்கைகூட உடைந்திருக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நாள் முழுக்க ஓடிக் களைத்துப்போய் சூடாகிறதோ? மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் படகில் கால் வைப்பதற்கே தனிக் காசு.

பாம்பன்காத்து:

அண்ணே, நம்ம வல்லத்துல மீட்டரே கிடையாது. பின்னாடி வர்ற தண்ணியில கைய நீட்டுவோம். கை பொறுத்தா ஓடலாம், ஆவி பறந்தா நிப்பாட்டணும். அம்புட்டுதான். உங்களுக்குத் தண்ணி எப்படி வருது? அடியில பாலிதீன் பை ஒட்டியிருந்தா இப்படித்தான் வந்து வந்து போகும். கடல்தண்ணி வால்வுல குழாயக் கழட்டி, தண்ணி ஊத்து மாதிரி பொங்குதான்னு முதல்ல பாருங்க.

பாய்க்கயிறு:

பார்த்துவிட்டேன், பொங்குகிறது. ஆவியும் இல்லை. மீட்டர் 100 காட்டும்போதுகூட அந்தத் தண்ணீரில் கை வைக்க முடிகிறது.

மூன்றாம் இன்ஜினியர்:

தம்பி, டீசல் இன்ஜின் களைத்துப்போகாது. அரை மணி ஓடினால் வரவேண்டிய சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் எட்டு மணி நேரம் ஓடினாலும் அங்கேயேதான் நிற்கவேண்டும். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது ஒரே வரி: வேகத்தைக் குறைத்தாலும் இறங்கவில்லை என்பது. நிஜமான சூடாக இருந்தால் சுமை குறைந்ததும் பத்து நிமிடத்தில் கொஞ்சமாவது இறங்கியிருக்கும்.

இன்னொன்று. உங்கள் மாடலில் அலாரம் ஸ்விட்ச் மீட்டரோடு சேர்ந்ததல்ல, தனி. 95 டிகிரி வாக்கில் அடிக்கும். மீட்டர் 100 என்கிறது, அலாரம் வாயைத் திறக்கவில்லை. ஆக, இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. எது என்று தெரியாமல் பார்ட்ஸ் மாற்றிக்கொண்டே போவது கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுக்கிற மாதிரி.

மூன்று கேள்வி. முள் மெல்ல ஏறுகிறதா, குதிக்கிறதா? சாயங்காலம் காலையில் போடாத எந்த ஸ்விட்சையாவது போடுகிறீர்களா? கீயை ஆன் செய்துவிட்டு அலாரம் ஸ்விட்சின் வயரை உருவி இன்ஜின் பிளாக்கில் தொட்டால் சத்தம் வருகிறதா?

பாய்க்கயிறு:

சார், எழுதவே வெட்கமாக இருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்வியை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்திலிருந்த மனைவி, "நீங்க பச்சை சிவப்பு லைட்டைப் போட்டதும்தானே அது ஏறும், நான் தினமும் பாக்கறேனே" என்றாள். இரண்டு மாதமாக நான் முள்ளைப் பார்த்தேன், அவள் என் கையைப் பார்த்திருக்கிறாள்.

இன்று துறையிலேயே கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தேன். முள் 79-இல் நின்றதும் நேவிகேஷன் லைட்டைப் போட்டேன். கண் இமைக்குமுன் 93. அணைத்தேன், 79. பேனல் விளக்கையும் சேர்த்துப் போட்டால் 97. அலாரம் வயரைத் தொட்டதும் காது கிழிந்தது, அது நன்றாகத்தான் இருக்கிறது.

சிட்னி_யாழ்:

ஓம், அது எர்த் பிரச்சினைதான். கூலன்ட் ஒரு செக்கனில 14 டிகிரி ஏறாது.

அந்த மீட்டர் பாக்கிறது சூட்டையில்லை, இன்ஜினில கிடக்கிற சென்டரின்ர (sender, சூட்டை உணருற சின்னக் கருவி) மின்தடையை. சூடு ஏற ஏற மின்தடை இறங்கும். வழக்கமான விடிஓ 120 டிகிரி சென்டர் எண்டால் 60 டிகிரியில 134 ஓம், 80-இல 70 ஓம் அளவு, 100-இல 38 சொச்சம். (இது நாங்கள் தலையாட்டிச் சொல்லிற ஓம் இல்லை.) சென்டருக்கு எர்த் இன்ஜின் பிளாக். மீட்டருக்கு எர்த் பேனலில இருந்து பற்றரி நெகட்டிவுக்குப் போற வயர். ரெண்டும் ஒரே மட்டத்தில இருந்தால்தான் கணக்குச் சரிவரும். அந்தப் பேனல் வயரில ஒரு பொருத்து கெட்டுக்கிடக்கு எண்டு வையுங்கோ. லைற்றின்ர கரண்டும் அதே வயராலதான் திரும்பிப் போகவேணும். போக வழியில்லாமல் பேனல் எர்த் மேல எழும்பும். மீட்டர் அதை "மின்தடை குறைஞ்சிட்டுது, சூடு கூடிட்டுது" எண்டு வாசிக்கும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில வைச்சு, கறுப்பு முனையை பற்றரி நெகட்டிவிலயும் சிவப்பை மீட்டருக்குப் பின்னால எர்த் ஆணியிலயும் பிடியுங்கோ. லைற்றைப் போட்டுப் பாருங்கோ. 0.1-க்கு மேல காட்டினால் கள்ளன் அங்கதான் இருக்கிறான். ஒரு நீள வயரால ரெண்டையும் நேர இணைச்சும் பாக்கலாம். முள்ளு உடன விழுந்தால் சரி.

மூன்றாம் இன்ஜினியர்:

சரியாகச் சொன்னார். ஆனால் எர்த்தைச் சரிசெய்துவிட்டு அத்தோடு கடையைக் கட்டிவிடாதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி தெர்மோஸ்டாட் மூடியில் பார்த்து, மீட்டரோடு ஒப்பிடுங்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள். மீட்டர் குறைவாகக் காட்டினால் எல்லாம் நலம் என்றும் நினைக்கவேண்டாம். கூலன்ட் வடிந்துபோய் சென்டர் காற்றில் தொங்கினால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் சமர்த்தாக 60-இல் உட்கார்ந்திருக்கும்.

பாய்க்கயிறு:

கண்டுபிடித்தாயிற்று. லைட் போட்டதும் 1.1 வோல்ட்.

பேனலைக் கழற்றினால் பின்னால் ஒரு கருப்பு டேப் உருண்டை, எலுமிச்சம்பழ அளவு. உரித்தேன். உள்ளே நாலு நெகட்டிவ் வயரை வெறுமனே முறுக்கிவைத்திருக்கிறது. தாமிரம் களிம்பேறிப் பச்சையாக, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. நல்ல வயருக்காக ஒரு சாண் பின்னால் வெட்டிக்கொண்டே போனேன், உறைக்குள்ளும் கறுப்பு. கடைசியில் பற்றரி வரைக்கும் வெள்ளீயம் பூசிய புது வயர் இழுத்து, லக் போட்டு கிரிம்ப் செய்து, நாலையும் ஒரு போல்ட்டில் மாட்டினேன். இப்போது 0.03. எல்லா விளக்கையும் போட்டேன், முள் அசையவில்லை.

சந்தேகம் தீர சென்டரையும் கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் தொங்கவிட்டு அளந்தேன்: 39 ஓம். திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப் சுற்றவில்லை, அதன் எர்த்தே அந்த மரைதானே.

வேடிக்கை என்னவென்றால், முள் இப்போது 80-இல் நிற்பதில்லை, 74. கறுப்பு டேப்பின்மேல் பிடித்தால் 73. இந்த மாடலின் தெர்மோஸ்டாட் 71-இல்தான் திறக்க ஆரம்பிக்கும், ஆக இதுதான் நிஜம். இத்தனை வருடம் நான் நம்பிய 80 கூட அந்த டேப் உருண்டை சொன்னதுதான்.

சிட்னி_யாழ்:

நல்ல விசயம். சென்டர் அவிச்ச சட்டியைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகாதேங்கோ. கூலன்ட் நஞ்சு.

பாய்க்கயிறு:

சட்டி ஏற்கெனவே படகுக்கு நாடு கடத்தப்பட்டுவிட்டது.

ஒரு சின்ன விஷயம், எழுதலாமா என்று யோசித்தேன். நேற்று கடலில் 2800 ஆர்பிஎம்-இல் இருபது நிமிடம் ஓட்டினேன். முள் மெதுவாக ஏறி 86-க்குப் போனது. டேப்பின்மேலும் 85. வேகத்தைக் குறைத்ததும் பத்து நிமிடத்தில் 75-க்கு வந்துவிட்டது. முன்னால் இது அந்தக் குதிப்பில் மறைந்துபோயிருக்கும் போல.

மூன்றாம் இன்ஜினியர்:

இது நிஜம். மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது, இரண்டு கருவியும் ஒரே எண்ணைச் சொல்கிறது. முழு த்ராட்டிலில் எவ்வளவு ஆர்பிஎம் வருகிறது? புகை?

பாய்க்கயிறு:

2900-க்கு மேல் போகாது. அதற்கு மேல் முடுக்கினால் கறுப்புப் புகை. அடியில் பாசி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் இன்ஜினியர்:

அந்த இன்ஜின் 3400-ஐத் தாண்டவேண்டும். அடிப்பாசியாலும் புரொப்பெல்லராலும் இப்படி வரும்தான். ஆனால் மூன்று கை மாறிய படகு என்றீர்கள், முதலில் எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றிப் பாருங்கள். கடல்தண்ணீர் புகையோடு சேருகிற இடம். உப்பும் கரியும் கல்லாக இறுகி அடைத்துக்கொள்ளும். புகைக்கும் வழி இருக்காது, தண்ணீருக்கும் வழி இருக்காது. சும்மா ஓடும்போது தண்ணீர் நன்றாகத் துப்புவது போலத்தான் தெரியும்.

பாய்க்கயிறு:

கழற்றிவிட்டேன். இரண்டு போல்ட் வந்தது, ஒன்று உடைந்தது. எல்போவுக்குள் சுண்டுவிரல் நுழையவில்லை, ஒரு பென்சில் போகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் கரி செங்கல் துண்டு மாதிரி பெயர்ந்து விழுகிறது. சுரண்டினால் பயன்படுமா என்று பார்த்தேன், தண்ணீர் நுழையும் இடத்தில் சுவர் தகடாக மெலிந்திருக்கிறது. புதிதுக்குச் சொல்லியாயிற்று, வர பத்து நாள் ஆகும்.

பாம்பன்காத்து:

அண்ணே, பழைய கேஸ்கெட்டச் சுரண்டும்போது இன்ஜின் பக்க ஓட்டையில துணிய வச்சு அடச்சுக்கங்க, இல்லாட்டி கரி உள்ள விழுந்துரும். மாட்டும்போது துணிய எடுக்க மறந்துராதீங்க. நான் ஒருக்கா மறந்திருக்கேன்.