கறுப்பு கார், படத்தில் மட்டும் கெட்டுப்போகிறது: இடம், வெளிச்சம் பற்றி உதவி தேவை

கேள்வி (கறுப்பு செடான்)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது கறுப்பு செடான். விற்பதற்காக இல்லை, எனக்கே ஆசையாக நாலு நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நேரில் பளபளவென்று நிற்கிற வண்டி படத்தில் மட்டும் செத்துப்போய்த் தெரிகிறது, ஏன் என்று பிடிபடவே இல்லை.

மதியம் எடுத்தால் கூரையும் பானெட்டும் வெள்ளையாக எரிந்துபோகிறது, கதவுக்குக் கீழே ஒன்றுமே தெரியாத இருட்டு. சரி, நிழலில் நிறுத்துவோம் என்று மரத்தடிக்குப் போனால் இலைகளுக்கு நடுவே இறங்குகிற வெயில் வண்டி முழுக்கப் புள்ளி புள்ளியாக விழுகிறது. பக்கவாட்டில் எடுத்தால் இன்னும் மோசம், கதவில் எதிர்ச் சுவர், ஒரு கம்பம், இரண்டு பைக், நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நான். முன்னாலிருந்து எடுத்தால் மூக்கு ஊதி, பின்பக்கம் சூம்பிப்போய் வேறு ஏதோ வண்டி மாதிரி இருக்கிறது.

கையில் இருப்பது ஒரு போன், பிறகு பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ். ட்ரைபாட் உண்டு, ஃபில்டர், ஃப்ளாஷ் எதுவும் வாங்கவில்லை. எந்த மாதிரி இடம், எந்த நேரம் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பதில் (நிழல் பார்க்கிறவன்)

நண்பரே, கதவில் நீங்கள் தெரிகிறீர்கள் என்று சொன்னீர்களே, உங்கள் மற்ற பிரச்சினைகளில் பாதிக்கும் காரணம் அதேதான். பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்று பளபளப்பான ஓர் அடுக்கு இருக்கிறது, எதிரில் இருப்பதை எல்லாம் அது திருப்பிக் காட்டும். வெள்ளை வண்டியிலும் இது நடக்கிறது, ஆனால் அங்கே அடியில் இருக்கிற வெள்ளை அத்தனை பிரகாசமாக இருப்பதால் பிரதிபலிப்பு அதில் அமுங்கிவிடும். கறுப்பில் அடியிலிருந்து வெளிச்சமே திரும்பி வராது. ஆக நீங்கள் படத்தில் பார்ப்பது கிட்டத்தட்ட முழுக்கப் பிரதிபலிப்புதான்.

அதனால் இடம் தேடும்போது காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் கேமராவோடு நிற்கிற இடத்தில் நின்று, உங்கள் முதுகுப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே இருப்பதெல்லாம் கதவில் வரும். எல்லோரும் அழகான பின்னணி தேடி அலைகிறார்கள், முதுகுக்குப் பின்னால் நிற்கிற குப்பைத் தொட்டியை ஒருவரும் கவனிப்பதில்லை.

கதவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது செங்குத்தான தட்டை இல்லை. கைப்பிடி ஒட்டிய மேல்பகுதி லேசாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், கீழ்ப்பகுதி உள்ளே வாங்கித் தரையைப் பார்க்கும். மேலே வானம் தெரியும், கீழே தரை தெரியும், இரண்டும் சந்திக்கிற இடத்தில் அடிவானம் ஒரு கோடாக விழும். உங்கள் பின்னால் வெட்டவெளி இருந்தால் அந்தக் கோடு ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை அறுபடாமல் ஓடும், கறுப்பு வண்டிக்கு உருவம் கொடுப்பதே அதுதான். மரமும் கட்டடமும் இருந்தால் கோடு பல்லுப் பல்லாக உடையும், வண்டி அழுக்காகத் தெரியும், கழுவியிருந்தாலும்.

ஆகவே காலியான பெரிய மைதானம், ஆளில்லாத அகலமான வாகன நிறுத்துமிடம், அடுக்குமாடி பார்க்கிங்கின் திறந்த மேல்தளம், இப்படித் தேடுங்கள். மேல்தளம் என்றால் வண்டியைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள், இல்லையென்றால் கதவின் கீழ்ப்பாதி முழுக்கச் சுவர்தான். தரை வெளிர் கான்கிரீட்டாக இருந்தால் கதவின் அடிப்பகுதிக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏறும், தார் என்றால் அங்கே இருட்டுதான். தனியார் இடம் என்றால் கேட்டுவிட்டு நுழையுங்கள், ஓடுகிற சாலையின் நடுவில் நிறுத்தி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

நேரம்: சூரியன் மறைந்த பிறகு. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான், அத்தனை சின்ன விளக்கு என்பதால்தான் பானெட்டில் ஒரே இடத்தில் எரிகிறது. அது மறைந்ததும் வானம் முழுக்க ஒரே விளக்காகிவிடுகிறது, அடிவானத்தில் பிரகாசமாகவும் மேலே போகப் போக மங்கலாகவும். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே உலோகத்தில் படியும். மேற்கு உங்கள் முதுகுப் பக்கமோ தோளுக்குச் சாய்வாகவோ இருக்கும்படி நில்லுங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரைதான் இந்த வெளிச்சம் தாக்குப்பிடிக்கும். நிலநடுக்கோட்டுப் பக்கம் 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், துருவங்களை நோக்கிப் போகப் போக நேரம் கூடும். வண்டியை முன்கூட்டியே நிறுத்தி, சட்டகம் பார்த்து, ட்ரைபாட் போட்டுக் காத்திருங்கள்.

பதில் (சுருக்கமாக)

ஒரு சிபிஎல் ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பினால் பளபளப்பைக் குறைக்கிற போலரைசர்) வாங்கி மாட்டுங்கள், பிரதிபலிப்பு எல்லாம் போய்விடும். வேலை முடிந்தது.

பதில் (பழைய லென்ஸ்)

மேலே சொன்னவர் மன்னிக்க வேண்டும், கறுப்பு வண்டிக்கு அது பாதி உண்மைதான். பிரதிபலிப்பு முழுக்கப் போனால் மிச்சம் என்ன? இருட்டுதான். வண்டியின் வளைவு, கோடு எதுவும் தெரியாது.

அது போகட்டும், முழுக்கப் போகவும் போகாது. கண்ணாடியோ கிளியர் கோட்டோ, மேற்பரப்பிலிருந்து சுமார் 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் சிபிஎல் முழு வேகத்தில் வேலை செய்யும். கார் எங்கும் வளைவு, ஒரே கோணத்தில் எதுவும் இல்லை, அதனால் பானெட்டில் சுத்தமாக இருக்கும், கதவில் மிச்சம் இருக்கும், ஃபில்டரைத் திருப்பினால் அது அப்படியே மாறும். குரோம் மாதிரி உலோகத்தில் அதன் பாச்சா பலிக்காது. பின் கண்ணாடி, பக்கக் கண்ணாடிகளில் சில கோணங்களில் புள்ளி புள்ளியாகக் கறை மாதிரி தெரியும், சூடாக்கிக் குளிரவைத்த கண்ணாடிக்குள் இருக்கிற இறுக்கம் அது. போதாததற்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தையும் தின்றுவிடும், அந்தி நேரத்தில் அது பெரிய இழப்பு.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன் கண்ணாடிக்கு அது கெட்டிக்காரன். ட்ரைபாடில் வைத்து, கண்ணாடி தெளிவாக இருக்கும்படி ஃபில்டரைத் திருப்பி ஒரு படம், பக்கவாட்டுக் கோடு நன்றாக இருக்கும்படி திருப்பி இன்னொரு படம், பிறகு கணினியில் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கண்ணாடி தெளிந்ததும் டாஷ்போர்டில் கிடக்கிற ரசீது, சார்ஜர் வயர் எல்லாம் பளிச்சென்று தெரியும். முதலில் அதை ஒழியுங்கள்.

கேட்டவர் மறுபடியும் (கறுப்பு செடான்)

ரொம்ப நன்றி. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு திறந்த மைதானத்தில் சாயங்காலம் நிறுத்திப் பார்த்தேன். அந்தக் கோடு வந்துவிட்டது! கதவில் இப்படி ஒரு வளைவு இருக்கிறது என்பதே இப்போதுதான் கண்ணில் பட்டது. இருந்தாலும் இரண்டு சங்கடம். வண்டி கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் வருகிறது. போனில் எடுத்தால் மூக்கு இன்னும் ஊதித்தான் இருக்கிறது. அப்புறம் சில நாள் மதியம்தான் எனக்கு நேரம் கிடைக்கும், அப்போது என்ன செய்வது?

பதில் (நிழல் பார்க்கிறவன்)

சாம்பல் நிறம் கேமராவின் கணக்கு. சட்டகத்தில் இருட்டு நிறைய இருந்தால், படம் இருட்டாகிறது என்று நினைத்து அது வெளிச்சத்தை ஏற்றிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்குப் போட்ட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அமைப்பு) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள். போனில் வண்டியைத் தொட்டதும் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மூக்கு விஷயம் வெளிச்சத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. போனின் சாதாரண கேமரா 24-26 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமானது, வண்டி முழுக்க அடங்க வேண்டும் என்றால் கிட்டே போய்விடுகிறோம், கிட்டே இருப்பது பெரிதாகத் தெரிகிறது. கரண்டியின் முதுகில் முகம் பார்த்த மாதிரி ஆகிவிடும். 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் போட்டுவிட்டு நன்றாகப் பின்வாங்குங்கள். உங்கள் 18-55 லென்ஸில் 55 வைத்தால் அது முழுச் சட்டகக் கேமராவின் (பெரிய, ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மில்லிமீட்டர் பக்கம் வரும், காருக்கு அருமையான அளவு. நின்றபடி எடுக்காமல் முட்டி போட்டு, ஹெட்லைட் உயரத்திலோ அதற்கும் கொஞ்சம் கீழேயோ எடுங்கள். இன்னொன்று, முன்பக்கச் சாய்வில் எடுக்கும்போது கேமரா இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டீயரிங்கை ஒடியுங்கள். அப்போதுதான் டயரின் பட்டை தெரியாமல் அலாய் வீலின் முகம் தெரியும். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாத படம் எனக்கு உடனே கண்ணை உறுத்தும்.

நீங்கள் கதவில் தெரிவதற்கு: கறுப்புச் சட்டை, 10 விநாடி டைமர், ஓடிப்போய் ஓரமாக நிற்பது.

பதில் (மேகம் போதும்)

மதியத்துக்கு என் யோசனை. மரநிழலை விடுங்கள், பெரிய கட்டடத்தின் நிழல் தேடுங்கள். கட்டடத்துக்கும் வெயிலுக்கும் நடுவே நிழலின் ஓரமாக வண்டியை நிறுத்தினால் ஒரு பக்கம் திறந்த வானம் கிடைக்கும், அதுவே விளக்கு. பின்னணியும் நிழலிலேயே இருக்கட்டும், பின்னால் வெயில் அடிக்கிற சுவர் இருந்தால் கேமரா அதைத்தான் பார்க்கும். நிழலில் நிறம் நீலமாகச் சாயும், ஒயிட் பேலன்ஸை (நிறச் சாய்வைச் சரிசெய்கிற அமைப்பு) 7000 கெல்வின் பக்கம் கொண்டுபோங்கள்.

மேகமூட்டம் என்றால் எந்த நேரமும் நல்ல நேரம்தான். வண்டி கழுவும்போது விழுகிற வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள் கறுப்பில் நேர் வெயிலில் அப்பட்டமாகத் தெரியும், மேகத்தில் அவை மறைந்துவிடும். ஆனால் மெட்டாலிக் பெயின்ட் வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் வேறு சொல்வேன். உள்ளே இருக்கிற அலுமினியத் துகள் மின்ன வேண்டுமானால் அதற்குக் கொஞ்சம் நேர் வெயில் வேண்டும், காலையிலோ மாலையிலோ தாழ்ந்து வருகிற வெயில். மேகத்தில் அந்த நிறம் உப்புச் சப்பில்லாமல் போய்விடும்.

பதில் (இரவு ஆள்)

ராத்திரி எடுக்கிற எண்ணம் இருந்தால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆரஞ்சு நிறத் தெருவிளக்குக்குக் கீழே வேண்டாம். குறைந்த அழுத்த சோடியம் விளக்கு 589 நானோமீட்டர் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே நிறத்தைத்தான் தரும், அதில் இல்லாத நிறத்தை எந்த மென்பொருளும் வரவழைக்காது. நீல வண்டிகூட அங்கே கறுப்பாகத்தான் வரும். கறுப்புக்கு நிற நஷ்டம் இல்லை என்றாலும் பானெட் முழுக்க மஞ்சள் பொட்டுகள் விழும்.

நிலத்தடி பார்க்கிங்கில் டியூப் லைட் வரிசை வண்டியின் நீளத்துக்கு இணையாக இருந்தால் பானெட்டில் அழகான கோடுகள் விழும், குறுக்கே இருந்தால் ஏணிப்படிதான். படத்தில் பட்டை பட்டையாக இருட்டு வந்தால் அது மின்சாரத் துடிப்பு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வையுங்கள். எல்இடி ஹெட்லைட்டும் பல வண்டிகளில் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரியும், ஷட்டரை மெதுவாக்கினால் சரியாகிவிடும். அந்தியில் லோ பீம் போட வேண்டாம், பார்க்கிங் லைட்டே போதும்.

முழு இருட்டில் எனக்குப் பிடித்தது லைட் பெயின்டிங், அதாவது ஷட்டர் திறந்திருக்கும்போது விளக்கை நகர்த்தி வண்டிமேல் வெளிச்சம் பூசுவது. ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 15 முதல் 30 விநாடி, ட்ரைபாட். நீளமான எல்இடி குச்சியைக் கூரைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்பக்கமாக மூக்கிலிருந்து டிக்கி வரை ஒரே சீராக நடக்க வேண்டும், வெளிச்சம் கேமராவைப் பார்க்காமல் வண்டியைப் பார்க்கட்டும். நடை நின்றால் அந்த இடத்தில் வெளிச்சம் தேங்கி நிற்கும். கூரைக்கு ஒரு படம், கதவுக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று எடுத்து, கணினியில் லைட்டன் முறையில் (ஒவ்வொரு இடத்திலும் பிரகாசமானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை) அடுக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இருட்டு உடையில் நகர்ந்துகொண்டே இருந்தால் படத்தில் விழமாட்டீர்கள்.

கேட்டவர் மறுபடியும் (கறுப்பு செடான்)

ஸ்டீயரிங் ஒடிக்கிற விஷயம் சத்தியமாகத் தெரியாது, நன்றி அண்ணா. கடைசியாக ஒன்றே ஒன்று. எல்இடி குச்சி இல்லாதவர்கள் கேமராவில் இருக்கிற ஃப்ளாஷையே போட்டால் ஆகாதா?

பதில் (இரவு ஆள்)

ஆகாது. நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டில் இருக்கிற சிவப்பு ரிஃப்ளெக்டரும் வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகிறவை. ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவ்வளவும் நேராக லென்ஸுக்குள் வரும், பிளேட் வெள்ளைச் சதுரமாக எரியும், கறுப்புக் கதவு அப்படியே கறுப்பாக நிற்கும். குச்சி இல்லையென்றால் இன்னொரு போனின் டார்ச் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ஷட்டரை 30 விநாடி வையுங்கள், ஏனென்றால் வெளிச்சம் குறைவு, நடையும் மெதுவாக இருக்க வேண்டும்.