பூங்காவிலும் பீச்சிலும் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடலாமா? கடலூர், புதுவைக்காரர்கள் சொல்லுங்கள்

நெல்லிக்குப்பம் கார்த்தி:

வணக்கம். துபாயிலிருந்து வந்த சித்தப்பா எனக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக் கொல்லையில் ஓட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த ஆணி, சோடா மூடி, அறுகோண வடிவில் ஒரு பழைய இருபது பைசா. கொல்லையில் இனி ஒன்றும் இல்லை.

சில்வர் பீச், கடலூர் மாநகராட்சிப் பூங்காக்கள், புதுவை பாரதி பூங்கா ஆகிய இடங்களில் தேடிப் பார்க்க ஆசை. ஒரு நண்பன் போலீஸ் பிடிக்கும் என்கிறான். இன்னொருவன், சாமான் கிடைத்தால் கண்டெடுத்தவனுக்கே சொந்தம், யாரும் கேட்க முடியாது என்கிறான். யூடியூபில் இங்கிலாந்துக்காரர்கள் வயலில் நின்று தங்கக்காசைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நம் ஊரில் விதி என்ன? யாரிடம் கேட்க வேண்டும்? உண்மையிலேயே ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது?

முத்தியால்பேட்டை ரவி:

பாரதி பூங்காவை மறந்துவிடுங்கள் நண்பா. ஒரு பக்கம் துணைநிலை ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் சட்டமன்றம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆயி மண்டபத்தைச் சுற்றித் தரையைத் துழாவினால், கருவி சத்தம் போடுவதற்கு முன்பே காவலர் வந்து நிற்பார். அவரிடம் நீங்கள் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது.

அரிக்கமேடு பக்கமும் போகாதீர்கள். சிலருக்கு அங்கேதான் முதலில் ஆசை வரும், அதனால் சொல்கிறேன். 1945 இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் தோண்டி ரோமானிய மண்பாண்டங்களை எடுத்த இடம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே உரிமம் இல்லாமல் யாரும் அகழக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு விஷயம். என் மாமா பிரான்சில் இருக்கிறார். அங்கே பழம்பொருள் தேட இந்தக் கருவியைப் பயன்படுத்துவதற்கே அரசு அனுமதி வேண்டும் என்று 1989 இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கடையில் வாங்கலாம், ஆனால் பழைய கோட்டைப் பக்கம் எடுத்துக்கொண்டு போக முடியாது.

மஞ்சக்குப்பம் பெரியவர்:

தம்பி, நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிப் பஞ்சாயத்துகளைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீ கருவியைப் பற்றியே கேட்கிறாய். சட்டம் கேட்பது வேறு. தரை யாருடையது, யாரைக் கேட்டுத் தோண்டினாய், வெளியே வந்தது என்ன? பூங்கா மாநகராட்சியின் சொத்து. புல் போட்டிருக்கிறார்கள், அடியில் சொட்டுநீர்க் குழாயும் விளக்கு ஒயரும் ஓடுகிறது. உன் கருவி கூவுகிற இடத்தில் பாதி அந்த ஒயர்தான். நீ ஒரு சாண் ஆழத்துக்குக் கரண்டியைச் செருகினால் அது பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாகத்தான் எழுதப்படும். மூடிவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது.

இப்போது கிடைப்பதைப் பற்றி. 1878 ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், பத்து ரூபாய்தான். வெள்ளைக்காரன் எழுதிய தொகையை யாரும் மாற்றவில்லை, இன்றைக்கு அதில் ஒரு நல்ல டீ வராது. என்ன பொருள், எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது, இவ்வளவும் எழுத வேண்டும். பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணை கொடுக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. உனக்கு வர வேண்டிய பங்கும் போய்விடும்.

பங்கு என்று ஒன்று உண்டு, அது பலருக்குத் தெரியாது. உரிமை கோரி யாரும் வராமல் உரிமையாளர் இல்லாத பொருள் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் முக்கால் பங்கு கண்டெடுத்தவனுக்கு, கால் பங்கு நிலத்துக்காரனுக்கு. அரசு தனக்கு வேண்டும் என்றால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஜனங்கள் இதைப் படிக்காமல் பயந்துகொண்டு ராத்திரியோடு ராத்திரியாக உருக்கிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒருமுறை வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கடப்பாரை பட்டு ஒரு பானை உடைந்தது. வி.ஏ.ஓ. தகவல் சொல்ல, நாங்கள் போனோம். உள்ளே செப்புக் காசுகள். தனித்தனியாக இல்லை, பச்சைக் களிம்பு பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாக இருந்தன. நாளிதழை விரித்து, ரேஷன் கடைத் தராசை வாங்கி வந்து எடை போட்டு, மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவு) எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் கையெழுத்து வாங்கி, துணியில் கட்டி அரக்கு முத்திரை வைத்தோம். எடை போடும்போது ஒரு பையன் உருண்டையிலிருந்து ஒரு காசை நகத்தால் பெயர்த்துவிட்டான். பின்னால் வந்து பார்த்த அருங்காட்சியகத்துக்காரர் அதற்குத்தான் கோபப்பட்டார். காசைக் காட்டிலும் எந்தக் காசு எதற்கு மேல் இருந்தது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அதனால் தேய்க்காதே, புளி போட்டுக் கழுவாதே.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு, சிலை, பாத்திரம் எல்லாம் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். விற்பனைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சிலை கிடைத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வி.ஏ.ஓ.வைக் கூப்பிடு. வீட்டுக்கு எடுத்துப்போனால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

கடலூரில் இதெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைக்காதே. 1690 இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தி. சுட்டுப் பார்த்துத்தான் எல்லை போட்டார்கள், குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். 1758 இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள், 1783 இல் திரும்பவும் சண்டை. இந்த மண்ணில் இரும்பு உருண்டை வந்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போகும் சாமான் இல்லை.

தேவனாம்பட்டினத்தான்:

பெரியவர் சொன்னது புதையல். பீச்சில் கிடைப்பது பெரும்பாலும் புதையல் இல்லை, யாரோ தொலைத்தது. மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். குளிக்கும்போது விரல் சுருங்கி மோதிரம் நழுவும். ஒற்றை ரூபாய் கிடந்தால் எடுப்பது குற்றமில்லை. பெயர் பொறித்த மோதிரம் கிடைத்து, ஆளைத் தேடாமல் பையில் போட்டுக்கொண்டால் அது குற்றம். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவி வைத்திருப்பதால் ஒரு தகவல்: ஈர உப்பு மணலில் சாதாரண மெஷின் சும்மாவே கத்தும். அலை தொடாத காய்ந்த மணலில் ஓட்டுங்கள். தங்க மோதிரத்துக்கும் குளிர்பான டப்பாவின் வளையத்துக்கும் மெஷின் திரையில் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டும், அதனால் பத்துக்கு ஒன்பது டப்பாதான்.

தை மாசி பங்குனியில் ராத்திரியில் வேண்டாம். ஆமை முட்டையிட ஏறி வரும். கடப்பாரை ஒரு கூட்டில் பட்டால் வனத்துறை வழக்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் உள்ள உயிரினம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் வீடுகளோடு பெட்டியும் நகையும் போயின. கரையிலிருந்து உள்ளே தள்ளி, பழைய குடியிருப்பு இருந்த மேட்டில் நகை எதாவது கிடைத்தால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொண்டு வந்து காட்டுங்கள். அடையாளம் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது.

நெல்லிக்குப்பம் கார்த்தி:

எல்லோருக்கும் நன்றி. பாரதி பூங்காவும் அரிக்கமேடும் பட்டியலில் இருந்து எடுத்தாயிற்று. சார், மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா? அண்ணா, மணலில் கையால் கிளறினால் போதுமா, அதுக்கும் கேட்பார்களா?

மஞ்சக்குப்பம் பெரியவர்:

ஆணையருக்கு எழுது. பூங்கா பெயர், தேதி, நேரம், எந்தப் பகுதி, எவ்வளவு ஆழம், குழியை எப்படி மூடுவாய், கிடைத்ததை யாரிடம் காட்டுவாய், இவ்வளவும் ஒரே பக்கத்தில். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கு. பதில் வரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாக நினைத்துக்கொள்ளாதே, அப்படி ஒரு விதி கிடையாது. மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல். புல்வெளியில் தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மராமத்துக்காகத் தரையைக் கிளறிப் போட்டிருக்கும் பூங்காவைக் கேட்டுப் பார், அங்கே வாய்ப்பு அதிகம்.

யூடியூபைப் பார்த்து ஏமாறாதே. இங்கிலாந்திலும் நிலத்துக்காரன் சம்மதம் இல்லாமல் கால் வைக்க முடியாது, புதையல் என்று தெரிந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வீடியோவில் அதை வெட்டிவிடுகிறார்கள்.

தேவனாம்பட்டினத்தான்:

கையால் கிளறினால் எங்கள் ஆட்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். என்ன தேடுகிறாய் என்று கேட்பார்கள், சொல்லிவிடுங்கள். மண்வெட்டியோடு வந்தால்தான் பிரச்சினை. வலை காயப் போட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டாதீர்கள், ஈயக்குண்டு முழுக்கக் கூவும்.

வண்ணாரப்பாளையம் செல்வி:

தம்பி கார்த்தி, சொந்த இடத்தில் தேட யாரையும் கேட்க வேண்டாம் இல்லையா? எங்கள் முருங்கை மரத்தடியில் என் மெட்டி விழுந்து தொலைந்துவிட்டது. வீட்டுக்காரர் இதுவரை மூன்று இடத்தில் தோண்டிவிட்டார். மெஷினைக் கொஞ்சம் கொண்டு வர முடியுமா?

நெல்லிக்குப்பம் கார்த்தி:

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் அக்கா. அதுவரை அண்ணனை மேற்கொண்டு தோண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜோடி மெட்டியை எடுத்து வையுங்கள், முதலில் அதை மெஷினுக்குக் காட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டால் தேடுவது சுலபம்.